புல் முளைக்காத மூலை

விளையாட்டு வீட்டை எந்த மூலையில் கட்டுவது என்பதில்தான் முதல் வாக்குவாதம் வந்தது.

எங்கள் வீட்டுப் பின்பக்கம் அப்படியொன்றும் பெரிய இடமில்லை. எட்டி எட்டி முப்பது அடி வைத்தால் மதில் வந்துவிடும். துணி காயப்போடும் கொடி, கழுவுகிற தொட்டி, ஒரு பெரிய மரம், மீதி புல்தரை. மதிலை ஒட்டிய வலது மூலையில் மட்டும் புல் முளைக்காது. மழை பெய்தால் நாலு நாள் பச்சை தெரியும், ஐந்தாம் நாள் காய்ந்துவிடும். சமதளமாக, கட்டாந்தரையாக இருக்கும். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் நேராக அந்த மூலைதான் தெரியும். அடுப்பைப் பார்த்துக்கொண்டே பிள்ளைகளையும் பார்க்கலாம். இதைவிட என்ன வேண்டும் என்றுதான் நான் நினைத்தேன்.

வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைக் குறித்துக்கொண்டு வருவது என் வேலை. ஒரு நாளைக்கு அறுபது, எழுபது வீடு. மீட்டரை வாசலில் வைத்திருப்பவர்கள் குறைவு. பாதிப்பேர் வீட்டில் பின்பக்கம் போய்த்தான் பார்க்க வேண்டும். அதனால் ஊரில் யார் வீட்டுக் கொல்லையில் என்ன கிடக்கிறது, எந்த நாய் குரைக்கும், எது குரைக்காமல் கடிக்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அப்படிப் போன ஒரு வீட்டில்தான் பிள்ளைகளுக்கென்று மரப்பலகையில் கட்டிய குட்டி வீட்டைப் பார்த்தேன். வந்து வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை.

பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவளுக்கு ஒன்பது வயது. எல்லாருக்கும் வேலை பிரித்துக் கொடுத்துவிட்டுத் தான் மட்டும் இடுப்பில் கை வைத்து நிற்பாள், அதனால் மேனேஜர். சின்னவனுக்கு நாலரை. அவன் நடந்து போய் நாங்கள் பார்த்ததில்லை. படுக்கையிலிருந்து இறங்குவதும் குதித்துத்தான், சாப்பிட உட்காருவதும் குதித்துத்தான். அவன் தவக்களை.

என் கணவர் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்க்கிறார். அட்டையும் பசையும் கொடுத்தால் அரண்மனையே செய்வார், ஆணியும் சுத்தியலும் கொடுத்தால் தன் கட்டைவிரலைத்தான் அடித்துக்கொள்வார். இரண்டு வாரம் உட்கார்ந்து அட்டையில் ஒரு மாதிரி செய்தார். ஜன்னல் திறந்து மூடும். கூரை கழன்று வரும். மேனேஜர் அதை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு, "சரி, வேலையை ஆரம்பிக்கலாம். மாமாவை வரச் சொல்லுங்க," என்றாள்.

மாமா என்றால் என் அண்ணன். மேஸ்திரி. எனக்கு ஏழு வயது மூத்தவன். நாங்கள் இந்த வீட்டை வாங்கியதே அவன் கைகாட்டித்தான். வீட்டை விற்ற பெரியவரைத் தனக்கு நெடுநாளாகப் பழக்கம், சுவர் நல்ல சுவர், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றான். நாங்களும் அப்படித்தான் வாங்கினோம். எனக்கு நாற்பது வயதாகப் போகிறது, இன்னும் அவன் என்னைப் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவான். பேச்சு குறைவு. ஒரு விஷயத்துக்கு ஒரு காரணம் சொல்வான், அதைக் கேட்காவிட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவான்.

அன்றைக்கு மூன்று காரணம் சொன்னான்.

"அந்த மூலை வேண்டாம் பாப்பா. தண்ணி நிக்குற இடம்."

"எங்க நிக்குது? புல்லே காஞ்சு கிடக்கு."

"மதிலை ஒட்டி பூச்சி பொட்டு வரும்."

"மதில் நாலு பக்கமும்தானே இருக்கு."

"மரத்துக்கிட்ட போட்டா நிழலா இருக்கும்ல," என்றான், என்னைப் பார்க்காமல்.

"மரத்துக்கிட்ட போட்டா ஜன்னல்லேர்ந்து தெரியாது. எனக்கு அவங்க கண்ணுல படணும். எல்லாத்துலயும் நீ சொல்றதுதான் சட்டமா?"

என் கணவர் அட்டை வீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அம்பயர் போல இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணன் அந்த மூலைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றான். குதிகாலால் தரையை ஒரு தட்டுத் தட்டினான். திரும்பி வந்து, "சரி. ஆனா ஆறடி வேண்டாம், ஏழடி வச்சுக்கலாம். பிள்ளைங்க வளருவாங்கல்ல," என்றான்.

முறைத்துக்கொண்டே ஒப்புக்கொண்டாலும் பிள்ளைகள் வளர்வதை நினைத்துப் பார்க்கிறானே என்று எனக்கு மனசு இளகிவிட்டது. அன்று அவனுக்கு டீயில் சர்க்கரை ஒரு கரண்டி கூடவே போட்டேன்.

வேலை மூன்று வாரம் ஓடியது, ஞாயிற்றுக்கிழமைகளிலும் சில சாயங்காலங்களிலுமாக. அச்சகத்துக்குக் காகிதக் கட்டு வரும் மரச்சட்டங்களை என் கணவர் கேட்டு வாங்கி வந்தார். நாங்கள் உட்கார்ந்து ஆணி பிடுங்கினோம். மேனேஜர் ஆணிகளை நேரானவை, கோணலானவை, உருப்படாதவை என்று மூன்று டப்பாவில் பிரித்தாள். உருப்படாதவை டப்பாவைப் பார்க்கும்போதெல்லாம், "அப்பா அடிச்சதெல்லாம் இதுல இருக்கு," என்று வருகிறவர்களிடம் காட்டினாள். தூண் குழி நாலையும் அண்ணனே தோண்டினான். என் கணவர் கடப்பாரையைத் தூக்கியபோது, "விடுங்க மாப்ளே, இது பசை போட்டு ஒட்டுற வேலை இல்ல," என்று வாங்கிக்கொண்டான். எல்லாரும் சிரித்தோம்.

சனிக்கிழமை சாயங்காலம் தரைப் பலகையும் மூன்று சுவரும் நீலத் தகரக் கூரையும் முடிந்துவிட்டன. கதவு ஒன்றுதான் பாக்கி. மேனேஜர் எங்களை எல்லாம் உள்ளே அழைத்தாள். ஐந்து பேரும் சுவரோரமாகக் காலை மடக்கி உட்கார்ந்தோம். தவக்களை உடனே எழுந்து நடுவில் குதித்துக்கொண்டே இருந்தான், பலகை தொம் தொம்மென்று அதிர்ந்தது. அண்ணன் வாசலோரம் ஒரு காலை வெளியே வைத்துத்தான் உட்கார்ந்தான். "போதும்டா குதிச்சது," என்றான். பிறகு அவசர வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்து போய்விட்டான். டம்ளரில் டீ பாதி அப்படியே இருந்தது.

ஞாயிறு காலை பதினோரு மணிக்குக் கதவோடு வந்தான். அவனிடம் ஒரு சின்ன சரக்கு வண்டி உண்டு. வாசலில் நிறுத்தி, அவனும் என் கணவரும் கதவை இறக்கிப் பக்கவாட்டுச் சந்து வழியாகத் தூக்கி வந்துகொண்டிருந்தார்கள். நான் சமையலறையில் முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் பின்வாசல் படியில் உட்கார்ந்து, 'கேட்காமல் உள்ளே வரக்கூடாது' என்று ஒரு பலகையில் பெயிண்டால் எழுதிக்கொண்டிருந்தாள்.

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. அதை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன், யாரும் நம்புவதில்லை. மாடியிலிருந்து ஒரு மூட்டையைக் கீழே போட்டால் எப்படிக் கேட்கும், அப்படித்தான் கேட்டது. நான் அடுப்பைக் குறைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தேன். நீலத் தகரம் தரையோடு தரையாகச் சாய்ந்து கிடந்தது. யாரோ கூரையைக் கழற்றிப் புல்லில் வைத்துவிட்டார்கள் என்று முதலில் நினைத்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு பக்கமாகச் சறுக்கி, காணாமல் போனது. மூலையில் மதில் மட்டும் இருந்தது. அதன் முன்னால் புழுதி ஒரு ஆள் உயரத்துக்கு எழுந்து நின்றது.

பின்வாசலுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. மேனேஜர் பிரஷ்ஷோடு எழுந்து நின்றிருந்தாள். அவள் பாவாடையில் பச்சைப் பெயிண்ட் கொட்டி வழிந்துகொண்டிருந்தது.

"தம்பி எங்கடி?"

அவள் கையால் அந்த மூலையைக் காட்டினாள்.

"எங்கன்னு கேக்குறேன்."

"உள்ள," என்றாள். "வாட்ச்மேன் வேலை கொடுத்தேன். நான் கூப்பிடுற வரைக்கும் வெளிய வரக்கூடாதுன்னு சொன்னேன்."

அதற்குள் சந்திலிருந்து இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். கதவு கீழே விழுந்தது. என் கணவர் ஓடப் போனார். அண்ணன் அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்துத் தள்ளினான், அவர் புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"யாரும் கிட்ட வராதீங்க. விளிம்பு நிக்காது."

அவன் வயிற்றில் படுத்து முழங்கையால் ஊர்ந்து போனான். விளிம்பில் தலையை நீட்டி, "டேய் தவக்களை," என்று கூப்பிட்டான். கீழேயிருந்து பதில் இல்லை. மண் உதிரும் சத்தம் மட்டும் கேட்டது. தரையில் ஒரு வட்டம் திறந்திருந்தது. நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது, உள்ளே கல் அடுக்கிய சுவர். இயற்கையாக விழுந்த பள்ளம் இல்லை. அது கிணறு. எங்கள் வீட்டில் கிணறு இருந்ததை நான் அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

"மாப்ளே, வண்டியில பின்னாடி வடக்கயிறு இருக்கு. ஓடுங்க."

என் கணவர் ஓடினார். கயிறு வந்ததும் அண்ணன் ஒரு முனையை மரத்தில் கட்டி, மறுமுனையை இடுப்பில் சுற்றினான். கைகள் தாமாக வேலை செய்தன. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. "பாப்பா, கயிறைப் பிடிச்சுக்க. கொஞ்சம் கொஞ்சமா விடு," என்றான். பிறகு, யாரிடமும் இல்லாமல் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்: "பதினெட்டு அடி. தண்ணி அப்பவே வத்திப்போச்சு. மேற்குப் பக்கம் இரும்புப் படி இருக்கு. மூணாவது படி கிடையாது."

காது அதைக் கேட்டது, மனசில் ஏறவில்லை. மனசில் அப்போது ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அவன் மேற்குப் பக்கமாக விளிம்பில் திரும்பி, காலைத் தொங்கவிட்டு, பார்க்காமலே படியைத் தொட்டான். ஒன்று. இரண்டு. அடுத்து ஒரு நீண்ட இறக்கம். தலை மறைந்தது. கயிறு என் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு போனது. என் கணவர் போனில் தீயணைப்பு நிலையத்துக்கு விலாசம் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் தெருப் பெயரை மூன்று முறை தப்பாகச் சொன்னார்.

கீழேயிருந்து அண்ணன் கத்தினான். "ஒண்ணும் தெரியல, ஒரே புழுதி. டார்ச் வேணும். வண்டி முன்சீட்டுக்குக் கீழ இருக்கு."

என் கணவர் மறுபடி ஓடினார். பலகை பிளக்கும் சத்தமும் தகரம் கல்லில் உரசும் சத்தமும் கீழே கேட்டன. நடுநடுவே அண்ணன் குரல். "மாமா வந்துட்டேன்டா. அழாத. இதோ மாமா வந்துட்டேன்." யாரும் அழவில்லை. அவன்தான் அழுதுகொண்டிருந்தான்.

எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. சந்தில் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினேன். என் கணவர் வந்துகொண்டிருந்தார். கையில் டார்ச் இல்லை, தவக்களை இருந்தான். சட்டையில் தூசி கூடக் கிடையாது. நாலு அடி நடந்து வந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, நான் வண்டி ஓட்டினேன்," என்றான் தவக்களை. எப்போதும் போல உரக்க. "மாமா வண்டி. ஹாரன் மட்டும் அடிக்கலை."

வாட்ச்மேன் வேலை அலுத்துப்போய், அக்கா குனிந்து எழுதிக்கொண்டிருந்தபோது நழுவி வாசலுக்கு வந்தவன், கதவை இறக்கும்போது மாமா வண்டி திறந்து கிடப்பதைப் பார்த்து, முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். முதல் தடவை கயிறு எடுக்கப் போனவர் பின்பக்கம் மட்டும் பார்த்துவிட்டு ஓடி வந்திருக்கிறார்.

கயிற்றை விடாமலே ஒரு கையால் அவன் தலையைத் தொட்டேன். காதைத் தொட்டேன். பாதம் இரண்டையும் தொட்டேன். சூடாக இருந்தான். அப்போதுதான், எனக்குள் எல்லாம் அடங்கி நின்ற அந்த நொடியில், சற்று முன் காதில் விழுந்தது மனசில் ஏறியது. பதினெட்டு அடி. மேற்குப் பக்கம் படி. மூணாவது படி கிடையாது.

தண்ணி நிக்குற இடம் என்றானே. பூச்சி பொட்டு என்றானே. ஒரு காலை வெளியே வைத்து உட்கார்ந்தானே.

கீழே பலகையை இழுக்கும் சத்தம் நிற்கவில்லை. "எங்கடா இருக்க, ஒரு சத்தம் கொடுடா," என்றது அண்ணன் குரல்.

என் கணவர் என்னைப் பார்த்தார். "சொல்லேன்," என்றார் மெதுவாக.

நான் சொல்லவில்லை. கயிற்றைப் பிடித்தபடி நின்றேன். எனக்குப் பேச முடியாமல் போய்விட்டது என்று அவர் நினைத்திருப்பார். பேச முடிந்தது. தொண்டையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒரு வார்த்தை போதும், கீழே இருப்பவனின் நெஞ்சு அடைத்தது விட்டுவிடும். அந்த ஒரு வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டு, என் கூடப் பிறந்தவன் வெறுங்கையால் மண்ணைப் பறண்டுவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். நன்றாகத் தேடு என்று நினைத்தேன். அப்படி நினைத்தது நான்தான் என்பதை இன்றுவரை என்னால் நம்ப முடியவில்லை.

மேனேஜர் படியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பெயிண்ட் காலோடு புல்லில் நாலடி வந்து, கை இரண்டையும் வாயருகே குவித்துக் கத்தினாள்.

"மாமா, தம்பி இங்கதான் இருக்கான். வண்டியில இருந்தான்."

கீழே சத்தம் நின்றது. கயிறு மட்டும் என் கையில் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

தீயணைப்புக்காரர்கள் வந்து ஏணி இறக்கித்தான் அவனை மேலே கொண்டுவந்தார்கள். விரல் நகம் இரண்டு பெயர்ந்திருந்தது. தலைமுடி, புருவம் எல்லாம் மண். அதிகாரி ஒருவர், என் வயது இருக்கும், விளிம்பில் தொங்கிய கான்கிரீட் துண்டைக் குனிந்து பார்த்தார். அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கம்பியை விரலால் ஒடித்தார். பிஸ்கட் போல உதிர்ந்தது.

"இவ்வளவு பெரிய வாயை இவ்வளவு மெல்லிய ஸ்லாப் போட்டு மூடி, மேல மண்ணைப் பரப்பியிருக்காங்க. கிணத்தை மண் கொட்டி நிரப்பணும்னு தெரியாத ஆள் யாரு? பழைய கிணத்துல இறங்கினீங்களே, உள்ள காத்து இருந்தது உங்க அதிர்ஷ்டம்," என்றார். பிறகு நோட்டைத் திறந்தபடி பொதுவாகக் கேட்டார்: "யார் மூடினதுன்னு தெரியுமா?"

"நான்தான் சார்," என்றான் அண்ணன்.

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார்.

"இருபது வருஷம் ஆச்சு. அப்ப நான் புதுசா தனியா வேலை எடுத்த நேரம். நிரப்பணும்னா பதினஞ்சு வண்டி மண்ணாவது வேணும், வீட்டுப் பெரியவர் ஸ்லாப் போட்டா போதும்னார். போட்டேன். கையில இருந்த கம்பியை வச்சுப் போட்டேன்." யாரும் கேட்காமலே சேர்த்துச் சொன்னான்: "இந்த வீட்டை இவங்களை வாங்கச் சொன்னதும் நான்தான்."

தீயணைப்பு வண்டி போன பிறகு பின்வாசல் படியில் நான் ஒரு ஓரம், அவன் ஒரு ஓரம் உட்கார்ந்திருந்தோம். என் கணவர் பிள்ளைகளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்து நின்றார். அடுப்பில் தண்ணீர் வற்றி முட்டை கருகிய வாடை வந்தது. யாரும் எழவில்லை.

"மூணு வருஷம்," என்றேன். "வாங்கினப்பவே சொல்லியிருக்கலாம்."

"வாங்கினன்னைக்கு இங்க வந்து நின்னேன். சொல்லணும்னுதான் வந்தேன். நீ எந்த ஜன்னலுக்கு என்ன திரைச்சீலைன்னு அளந்துகிட்டு இருந்தே. அவ்வளவு சந்தோஷமா இருந்தே. நாளைக்குச் சொல்லலாம்னு போயிட்டேன். மறுநாள் போய், 'நேத்தே ஏன் சொல்லல'ன்னு கேப்பியேன்னு பயம். ஒரு வாரம் போனா அந்தப் பயம் ஏழு மடங்கு. மூணு வருஷம் போயிடுச்சு."

"மூணு வாரமா ஆணி அடிச்சியே. அப்ப?"

"தாங்கும்னு நினைச்சேன். தூண் நாலும் வாய்க்கு வெளிய நிக்கணும்னுதான் ஏழடி போட்டேன். பாரம் ஸ்லாப்ல இறங்காதுன்னு நினைச்சேன்."

ஏழடி. பிள்ளைகள் வளருவார்கள் என்று அளந்ததில்லை. கணக்குப் போட்டு, கிணற்றின் வாயை எங்கள் பிள்ளைகளுக்குக் கீழே சரியாக நடுவில் வைத்து, அதன் மேல் பலகை அடித்திருக்கிறான். உண்மையைச் சொல்லும் வெட்கத்தைவிட அது அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

என் கணவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் குரல் உயரவில்லை. "நேத்து சாயங்காலம் நாம அஞ்சு பேரும் உள்ள உக்காந்திருந்தோம், மச்சான்," என்றார். அவ்வளவுதான் சொன்னார். அண்ணன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான்.

மறுநாள் நான் வேலைக்குப் போனேன். முதல் வீட்டிலேயே கால் நின்றுவிட்டது. மீட்டர் பின்சுவரில் இருந்தது, இடையில் பத்தடி மண் தரை. அந்த வீட்டம்மா, "நாய் கட்டித்தான் இருக்கு, வாங்க," என்றாள். காரணம் நாய் இல்லை என்று எப்படிச் சொல்வது. சுவரோரமாகவே நடந்து போய்க் குறித்துக்கொண்டு வந்தேன். அன்று முழுக்க ஒவ்வொரு வீட்டிலும் குதிகாலால் தட்டித் தட்டித்தான் நடந்தேன். வீட்டுக்கு வந்து சமையலறைத் தரையையும் தட்டிப் பார்த்தேன். படுக்கையறையையும்.

மேனேஜர் பின்வாசல் படியைத் தாண்டி இறங்க மறுத்தாள். யாருக்கும் வேலை பிரித்துக் கொடுக்கவில்லை. தம்பி பாத்ரூமுக்குப் போனால் கதவுக்கு வெளியே நின்று, "இருக்கியா?" என்று கேட்டாள். தவக்களை ஒருவனுக்குத்தான் ஒன்றும் இல்லை. பூமி வீட்டை விழுங்கிவிட்டது, தான் வண்டி ஓட்டித் தப்பித்துவிட்டேன் என்று தெருவில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமை காலை அண்ணன் வந்தான். உடைந்த பலகைகளை மேலே இழுத்துப் போட்டான். அதன் பிறகு வண்டி வண்டியாக மண்ணும் கல்லும் வரத் தொடங்கியது. ஆள் யாரையும் கூட்டி வரவில்லை. விரல்களில் துணிக்கட்டோடு, தானே மண்வெட்டி பிடித்துத் தள்ளினான். ஒரு அடி நிரம்பியதும் தண்ணீர் ஊற்றி இடித்து இறுக்கினான். நான் வேலைக்குப் போகும்போதும் இருந்தான், திரும்பும்போதும் இருந்தான். என் கணவர் அவனுக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். நான் ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன்.

வியாழக்கிழமை எனக்குத் தாங்க முடியவில்லை. அவன் மேல் இருந்த கோபம் ஒரு பக்கம், என் மேல் இருந்தது இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்து சோறு இறங்கவிடவில்லை. வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனேன். அவன் விளிம்பிலிருந்து தள்ளி நின்று மண்ணைச் சரித்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணு சொல்லணும்," என்றேன்.

அவன் மண்வெட்டியை நிறுத்தினான், நிமிரவில்லை.

"அன்னைக்கு அவன் கிடைச்ச பிறகும் நான் உன்கிட்ட சொல்லல. நீ கீழ தேடினது கேட்டுச்சு. அழுதது கேட்டுச்சு. கேட்டுக்கிட்டேதான் நின்னேன். பெரியவ கத்தலைன்னா இன்னும் எவ்வளவு நேரம் நின்னிருப்பேனோ தெரியாது."

சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று நினைத்திருந்தேன். அவன் திட்டுவான், அல்லது உடைந்துபோவான், எப்படியும் கணக்கு நேராகிவிடும் என்று நினைத்தேன். அவன் மண்வெட்டிக் காம்பை மாற்றிப் பிடித்தான்.

"தெரியும் பாப்பா."

"என்ன தெரியும்?"

"'நான் வண்டி ஓட்டினேன்'னு அவன் சொன்னது கீழ கேட்டுச்சு. கிணத்துக்குள்ள இருந்தா மேல பேசுறது நல்லாவே கேக்கும்."

எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. தவக்களையின் குரல் கேட்ட பிறகும் எத்தனை பலகை இழுபட்டது, எத்தனை முறை அண்ணன் 'ஒரு சத்தம் கொடுடா' என்று கூப்பிட்டான் என்பதெல்லாம் ஒவ்வொன்றாகக் காதில் வந்தது.

"அப்ப எதுக்குத் தேடினே?"

அவன் இப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நாலு நாளாகச் சவரம் செய்யாத முகம். எங்கள் இருவருக்கும் ஒரே மூக்கு என்று சின்ன வயதில் எல்லாரும் சொல்வார்கள்.

"நிறுத்தினா மேல வரணும்ல," என்றான். "வந்தா உன் முகத்தைப் பார்க்கணும்."

மேலே நின்றவள் பிடிவாதமாக வாயை மூடிக்கொண்டிருக்கிறாள், கீழே இருந்தவன் இல்லாத பிள்ளையை வேண்டுமென்றே தேடிக்கொண்டிருக்கிறான். நடுவில் இருந்த கயிறு ஒன்றுக்குத்தான் இரண்டு பக்கமும் தெரிந்திருக்கிறது. அதிர்ச்சி என்று சொன்னால் எல்லாரும் தரை பிளந்த நேரத்தைத்தான் கேட்கிறார்கள். எனக்கு அது வந்தது இந்த இடத்தில்தான். தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

வாசலில் மண் வண்டியின் ஹாரன் கேட்டது. டிரைவர் பொறுமை இல்லாமல் இரண்டாவது முறையும் அடித்தார். அண்ணன் அசையவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் சந்து வழியாகப் போய் கேட்டைத் திறந்துவிட்டேன். அன்றைக்கு அது இரண்டாவது வண்டி. இன்னும் ஒன்பது அடி நிரம்ப வேண்டியிருந்தது.